கட்டியோடு இடம்பெயர்ந்தவர்கள்

யுத்தத்தின் கணக்கிலே இறந்தவர், காயப்பட்டவர், காணாமற் போனவர் என்று பட்டியல்கள் உண்டு. மார்பில் கட்டியோடும் வாயில் ஆறாத புண்ணோடும் இடம்பெயர்ந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதியைச் சேலைத் தலைப்பில் முடிந்து வந்தவர்கள் அநேகர். கிளினிக் கொப்பியையும் பயொப்சி அறிக்கையையும் எடுத்து வந்தவர்கள் எத்தனை பேர்? அந்த அறிக்கை இல்லாவிட்டால் புதிய வைத்தியர் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். நோயோ காத்திருக்காது. கதிர்ச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் தொடர வேண்டியது. இடையில் நின்றால் சுகப்படும் வாய்ப்புக் குறையும். மார்புப் புற்றுக்குரிய தமொக்சிபன் குளிசையை ஐந்து வருடமாவது நாள்தோறும் எடுக்க வேண்டும். பாஸ் எடுத்து, கப்பலுக்குக் காத்திருந்து மகரகமைக்குப் போன அக்காலத்தில் இவை எப்படி நடந்திருக்கும்? 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மறுபடி மூடப்பட்டபோதும் அதே கதைதான்.

இன்று நிலைமை வேறு. 1990இல் மக்கள் வெளியேறிய அதே வலிகாமம் வடக்கில், தெல்லிப்பழையில், புற்றுநோய் வைத்தியசாலை இருக்கின்றது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் எழுந்தது அது. தெற்கிலிருந்து வந்த காசும் அதில் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

ஆயினும் இன்னும் சிலர் பாதியில் நிறுத்துகின்றனர். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். பஸ் காசும், கூட நிற்பவரின் நாட்கூலியும் இலவசமல்லவே. விதை வெங்காயத்துக்குக் கடன் கொடுக்கும் எமது கிராமச் சங்கங்கள் கிளினிக் போக்குவரத்துக்கும் ஏன் கொடுக்கக் கூடாது? "திரும்பி வராத கடன்" என்பார்கள். மழை பொய்த்த வருடம் வெங்காயக் கடன் மட்டும் திரும்பி வந்ததா?

வலியைத் தாங்குவதே புண்ணியம் என்போர் எம்மவரிடையேயும் உண்டு. நாம் அதை ஏற்பதில்லை. மோர்பின் விலை குறைந்த மருந்து. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுத்தால் பயப்பட வேண்டியதில்லை.

வெள்ளமோ வேறெதுவோ வந்து மீண்டும் முகாமுக்குப் போக நேர்ந்தால், பதிவு மேசையில் இருப்பவர் கேட்காவிட்டாலும் நோயின் பெயரை நீங்களே சொல்லுங்கள். அறிக்கைகளைப் பொலித்தீன் பையில் இட்டுக் காணி உறுதியோடு வையுங்கள். பிரதியொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.