குரோமோடு நிற்காத ஓட்டை

2023 செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டிய நாள்கள். வாஷிங்டனில் இயங்கும் ஒரு தன்னார்வ அமைப்பின் ஊழியருடைய ஐபோனை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பெகாசஸ் உளவு மென்பொருளை இறக்கும் புதிய வழியொன்று சிக்கியது. எந்த லிங்க்கையும் தொட வேண்டியதில்லை. ஐமெசேஜில் ஒரு படம் வந்து சேர்ந்தாலே போதும்.

ஆப்பிள் 7-ஆம் தேதியே ஐபோனுக்குத் திருத்தம் வெளியிட்டது. அதே ஓட்டையை அடைக்க குரோம் உலாவிக்கு கூகுள் அவசர அப்டேட் கொடுத்தது 11-ஆம் தேதி. இந்த ஓட்டை வழியே தாக்குதல் நடந்துகொண்டிருப்பதையும் ஒப்புக்கொண்டது. அதுவரை சரி. ஆனால், மென்பொருள் குறைபாடுகளுக்கான பொதுப் பதிவேட்டில் பாதிக்கப்பட்ட மென்பொருளாக குரோமின் பெயர் மட்டுமே இருந்தது. அங்கேதான் கூகுள் கோட்டைவிட்டது.

பழுது இருந்ததோ வெப்பி (WebP) வடிவப் படங்களைப் பிரித்துக் காட்டும் லிப்வெப்பி என்ற நிரல் லைப்ரரியில். கூகுளே உருவாக்கி இலவசமாகக் கொடுத்த சரக்கு என்பதால் ஃபயர்பாக்ஸ், சிக்னல், ஸ்லாக் என்று கணினியில் ஓடும் பல மென்பொருள்களுக்குள்ளும் அது உட்கார்ந்திருந்தது.

படத்தைச் சுருக்க உதவும் ஹஃப்மன் அட்டவணையை எப்படிக் கட்டுவது என்று படக் கோப்பே சொல்லும். ஒழுங்கான அட்டவணைக்கு அதிகபட்சம் எவ்வளவு இடம் தேவையோ, அவ்வளவு நினைவகத்தைத்தான் நிரல் ஒதுக்கியிருந்தது. வேண்டுமென்றே கோணலாகச் செய்த கோப்பு வந்தால், வரப்பைத் தாண்டி அடுத்தவர் வயலில் நாற்று நடுவதுபோல, ஒதுக்கிய இடத்துக்கு வெளியேயும் நிரல் எழுதிக்கொண்டே போகும். சி மொழி அதைத் தடுப்பதில்லை. கூகுளின் தானியங்கிச் சோதனைகள் ஆண்டுக்கணக்கில் குடைந்தும் இது அகப்படவில்லை என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு வாரம் கழித்து கூகுள் லைப்ரரியின் பெயரிலேயே தனிப் பதிவு போட்டு, 10-க்கு 10 அபாய மதிப்பெண்ணும் கொடுத்தது. ‘முன்பே பதிவான குறைபாடுதான்’ என்று ஓரிரு நாளில் அதுவும் நீக்கப்பட்டது. நல்ல கூத்து! குரோம் வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் தானாக வந்தது. மற்ற மென்பொருள்களை எழுதியவர்களோ தங்கள் சரக்கிலும் இந்த ஓட்டை உண்டா என்று தாங்களே துழாவ வேண்டியிருந்தது.

குரோமின் கடுமையான பாதுகாப்புக் குறைபாடுகளில் சுமார் 70 சதவீதம் இதுபோன்ற நினைவகக் கோளாறுகளே என்று 2020-லேயே கூகுள் சொல்லியிருந்தது. மருந்தும் தெரியாததல்ல. புதிய நிரல்களை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கியபின், ஆண்ட்ராய்டு குறைபாடுகளில் இவ்வகையின் பங்கு 2019-ல் இருந்த 76 சதவீதத்திலிருந்து 2024-ல் 24 சதவீதமாக இறங்கியது.

பழைய சி நிரல்களை ஒரே நாளில் மாற்றிவிட முடியாதுதான். ஆனால், விற்கும் மென்பொருளுக்குள் யார் எழுதிய லைப்ரரி, எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலைக் கொடுக்க என்ன தடை? பிஸ்கட் பொட்டலத்திலேயே உள்ளடக்கப் பட்டியல் அச்சாகும் காலத்தில், மென்பொருளுக்கும் அதைச் சட்டப்படி கட்டாயமாக்குவதில் அரசு தயங்கக் கூடாது.