வி.பி.என். ஓடலையா? கண்ட ஆப்பையும் இறக்காதீங்க!

ஆனையூர் பக்கம் கடைக்காரர், குமாஸ்தா எல்லார் போனிலும் இப்போ பேங்க் இருக்கிறது. அதே போனில்தான் இலவச வி.பி.என். ஆப்பும்! அது கனெக்ட் ஆகாவிட்டால், உடனே வேறொன்றை இறக்குகிறார்கள். இது தப்பு.

வி.பி.என். என்பது என்ன? உங்க போனில் இருந்து போவதெல்லாம் இன்னொருத்தர் சர்வர் வழியாகப் போகும். எந்தெந்த இணையதளத்துக்குப் போறீங்க என்று அந்த ஆளால் பார்க்க முடியும்.

முதலில் இதைப் பாருங்க. போனில் தேதி, நேரம் சரியா? வேறு வி.பி.என். ஓடுகிறதா? ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். வைபையில் ஓடாவிட்டால் சிம் டேட்டாவுக்கு மாறுங்க. வேறு நாட்டு சர்வரைத் தொட்டுப் பாருங்க.

கோளாறு போனில் இல்லாமலும் இருக்கலாம். வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் நம்பரை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ந் தேதி மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. அந்த ஆண்டே எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ப்சார்க் கம்பெனிகள் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன.

பெயர் தெரிந்த கம்பெனிகளே இப்படி இடம் மாறின. ஊர், பேர் தெரியாத இலவச ஆப்பை யாரிடம் போய்க் கேட்பீங்க?

கல்லாப்பெட்டிச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பீங்களா? ஓடாத ஆப்பால் நஷ்டமில்லை. ஓடுகிற கள்ள ஆப்தான் ஆபத்து!