படமும் ஒரு சாட்சியே

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் தர்காவுக்குச் செல்லும் சாலையில், உப்பளங்களை ஒட்டிப் பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கிடுகிறது. நாள்தோறும் அதனைக் கடக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னே கிடக்கும் பசியை நினைப்போர் சிலரே.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். மழை பொய்த்தது இயற்கையின் செயல். மக்கள் மடிகையிலும் தானியம் கப்பலேறியது ஆட்சியின் செயல். 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமே போதும் என்று வரம்பு கட்டினார். ஏறத்தாழ 450 கிராம்! அக்காலத்தில் நிவாரணப் பணியாகவே அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் நிலைத்தது. மண் சுமந்தோரின் பெயர் மறைந்தது.

ஆயினும், அந்தப் பஞ்சத்தின் முகங்கள் எஞ்சியுள்ளன. சென்னைப் படையின் ஆங்கிலேய அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமானவர்களைக் கூட்டமாக அமரவைத்துப் படம் எடுத்தார். அவர்களுக்கு உணவளிக்காமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது உண்டு. 1886இல் பர்மாவின் மாண்டலேயில், கைதிகள் சுடப்படும் நொடியைப் படமாக்க முனைந்து கண்டனத்துக்கு ஆளானவரும் அவரே. பசித்தவர்கள் தம் இனத்தவராயின் இவ்வாறு அமரவைத்திருப்பாரா?

எனினும் இறைவனின் ஏற்பாடு விந்தையானது. எடுத்தவரின் உள்ளம் எதுவாயினும், அப்படங்கள் இன்று அந்த ஆட்சிக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன. ஏடுகளில் கூலிக் கணக்கு எழுதியவர்களால் அந்த விலா எலும்புகளை மறைக்க முடியவில்லை.

சாட்சியத்தை மறைப்பது பாவம் எனக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேமரா இருக்கிறது. சென்ற கோடையில் அதே சாலையோரம், கட்டட வேலைக்கு வந்த வடமாநில இளைஞர் ஒருவர் மயங்கி விழுந்தார். சுற்றி நின்றோர் கைப்பேசிகளை உயர்த்தினர். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் உயர்த்தினேன். அப்போது மீன் கூடையை இறக்கி வைத்த ஒரு பெண்மணி, அவர் தலையை மடியில் ஏந்தித் தண்ணீர் புகட்டினார். பிறகு கேட்டார்: “உன் பேர் என்ன தம்பி?”

சாட்சி சொல்லப் படம் எடுப்போம். அதற்குமுன் தண்ணீர் கொடுப்போம். பெயரையும் கேட்போம். ஹூப்பரின் படங்களில் எவருக்கும் பெயர் இல்லை.