பரீட்சை வெச்சா வர்றாங்க, பரிந்துரைன்னா?

குச்சனூர்ல எங்க தெருவுல ஒரு அக்கா பி.எல். முடிச்சு, பக்கத்து ஊர்ல ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா சேர்ந்தாங்க. பகல்ல கோர்ட். ஆனா தொழில் கத்துக்கிறது சாயந்திரம் ஆறு மணிக்கு மேல, சீனியர் ஆபீஸ்ல. கட்சிக்காரங்க வருவாங்க, மனு எழுதணும், கேஸ் கட்டு படிக்கணும். "எட்டரை மணிக்கு எந்த பஸ்ல வருவ?"ன்னு வீட்ல தினமும் கேள்வி. கையில வந்தது பெட்ரோல் காசு அளவுதான். ரெண்டு வருஷத்துல நின்னுட்டாங்க. "கல்யாண வயசு, அதான்"னு ஊர்ல பேசினாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

இப்போ இந்தக் கணக்கைப் பாருங்க. உச்ச நீதிமன்றமே 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, மாவட்ட அளவிலான நீதிபதிகளில் பெண்கள் 36.3 சதவீதம். உயர் நீதிமன்றங்களில் 13.4. உச்ச நீதிமன்றத்தில் 9.3. கீழே பரீட்சை எழுதி உள்ளே வரலாம். மேலே போக கொலீஜியம் உங்க பெயரைப் பரிந்துரைக்கணும். அதுக்கு பெரும்பாலும் வக்கீலா பல வருஷம் தாக்குப்பிடிச்சு, பெயர் வாங்கியிருக்கணும். "பொண்ணுங்களுக்கு இதுல ஆர்வம் இல்ல"ன்னு சொல்றவங்க அந்த 36-க்கு என்ன பதில் வெச்சிருக்காங்க?

பெண்கள் வக்கீலாகலாம்னு சட்டம் வந்தது 1923-ல். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி, 1989. அவர் முன்சீஃபா தொடங்கினவர். நம்ம ஊத்தங்கரை பானுமதி 1988-ல் மாவட்ட நீதிபதியா நுழைஞ்சு, 2014-ல் உச்ச நீதிமன்றம் போனாங்க. வக்கீல் தொழில்ல இருந்து நேரா அங்கே போன முதல் பெண் இந்து மல்ஹோத்ரா. எப்போ தெரியுமா? 2018!

(அதே அறிக்கையில இன்னொண்ணு: மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் 19.7 சதவீதத்தில் பெண்களுக்குத் தனி கழிப்பறை இல்லை. பகல் முழுக்க அங்கேதான் நிக்கணும்.)

2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு மாதம் குறைஞ்சபட்ச உதவித்தொகை தரணும்னு சொன்னது. சென்னை, மதுரை, கோவையில 20,000 ரூபாய், மத்த ஊர்ல 15,000. என்னைக் கேட்டா, பெண்கள் தின வாழ்த்துகளை விட இது பெருசு. சம்பளம்னு ஒண்ணு இருந்தா, வீட்ல பேச ஒரு பிடி கிடைக்கும். ஆனா சின்ன ஊர்ல ஒரு சீனியர் தரலைன்னா, அவரையே நம்பி இருக்கிற ஜூனியர் யார்கிட்ட போய்ப் புகார் சொல்வாங்க?

நம்ம கிளாஸ் பொண்ணுங்களுக்கு வந்த ஆஃபர் லெட்டர்ல சம்பளம் எழுதியிருக்கு. நைட் ஷிஃப்ட்னா கேப் வரும். அக்காவுக்கு அப்படி ஒரு காகிதமே கிடையாது.

இப்போ அவங்க டி.என்.பி.எஸ்.சி. சிவில் ஜட்ஜ் பரீட்சைக்குப் படிக்கிறாங்க. பாஸ் ஆனா எங்க தெருவே கொண்டாடும். ஆனா அவங்க ஆசைப்பட்டது வக்கீலா நின்னு வாதாட.