சிறப்பு விருந்தினரிடம் ஒரு கேள்வி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

எங்கள் ஊரில் ஒரு சேவைச் சங்கம் இருக்கிறது. வாரந்தோறும் ஒரு நாள் மாலை ஏழரை மணிக்கு அதன் கூட்டம் நடைபெறும். தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்கி வைப்பார். இறைவணக்கம், அந்த வாரத்தில் பிறந்த நாளும் மண நாளும் காணும் உறுப்பினர்களுக்கு வாழ்த்து, செயலரின் வார அறிவிப்புகள், பிறகு சிறப்பு விருந்தினரின் உரை. அதன்பின் பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண், சிற்றுண்டி. முப்பது உறுப்பினர்கள் வந்தால் நிறைந்த கூட்டம். முப்பத்தோராவது ஆளாக ஒருவர் சுவரோரம் அமர்ந்திருப்பார். அவர் உறுப்பினர் அல்லர். ஆனால் பதினைந்து ஆண்டுகளாக எந்த உறுப்பினரையும் விட அதிகமான கூட்டங்களில் இருந்திருக்கிறார். எந்த விருந்தினர் என்ன பேசினார் என்பது அவருக்கு நினைவிருக்கும். அவர் என் தந்தை. மைக் செட் போடுபவர்.

சிறு வயது முதல் நானும் அவருடன் போவதுண்டு. ஒயர் சுற்றுவது என் வேலை. கண் மருத்துவர், வங்கி மேலாளர், போக்குவரத்துக் காவல் ஆய்வாளர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், யோகாசன ஆசிரியர் என எத்தனையோ பேரை ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறேன். சிலர் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள், சிலர் ஊதிப் பார்ப்பார்கள். “மைக் இல்லாமலே பேசுவேன்” என்று பெருமையாகத் தள்ளி வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்குக் கேளாமல் பேசுபவர்களும் உண்டு. அவர்களை என் தந்தைக்குப் பிடிக்காது. “எட்டாத பேச்சு எதுக்குப்பா?” என்பார்.

இந்த வாரக்கூட்டம் என்னும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1905 பிப்ரவரி 23-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடினார். ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்காரர். ஒரு வாரம் ஒருவர் அலுவலகம், மறு வாரம் மற்றொருவர் அலுவலகம் என்று சுழன்று சுழன்று கூடியதால் ரோட்டரி என்ற பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது அன்றைய ஏற்பாடு. ஆகவே ஒவ்வொருவரும் தம் தொழிலைப் பற்றிப் பேசினால் மற்றவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. தையற்காரரும் வழக்கறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒருவரிடமிருந்து ஒருவர் தெரிந்துகொள்வது எவ்வளவு நல்ல எண்ணம்! அந்தச் சிகாகோ சங்கம் 1907-இல் கையிலெடுத்த முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? நகரில் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று முயன்றதுதான். பொன்னாடைக்கு இடமில்லாத வேலை.

விருந்தினர் பேச்சு ஒரு சங்கத்தையே மாற்றிவிடும் என்பதற்கும் சான்று உண்டு. 1917-இல் தோன்றிய லயன்ஸ் சங்கம் 1925-இல் ஒஹையோ மாநிலத்தின் சீடார் பாயிண்ட் என்னும் இடத்தில் மாநாடு கூட்டியது. பேச வந்தவர் ஹெலன் கெல்லர். பார்வையும் செவிப்புலனும் இல்லாத அந்த அம்மையார் புகழுரை சொல்லிவிட்டுப் போகவில்லை. பார்வையற்றோருக்காகப் போராடும் படையாக நீங்கள் மாற வேண்டும் என்று கேட்டார். கேட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இன்று லயன்ஸ் என்றதும் நமக்குக் கண் சிகிச்சை முகாம் நினைவுக்கு வருவது அந்த ஒரு பேச்சின் விளைவு. ரோட்டரி 1985-இல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் பணியைத் தொடங்கியது. அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் எண்ணற்ற சுகாதாரப் பணியாளர்களும் சேர்ந்து உழைத்ததன் பயனாக, 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய்க்கிருமி இயல்பாகத் தாக்கிய குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆகவே சேவைச் சங்கங்களை எள்ளி நகையாட நான் வரவில்லை. நான் பத்தாம் வகுப்பில் எழுதிய நோட்டுகள் எங்கள் ஊர்ச் சங்கம் கொடுத்தவை. என் தந்தைக்கு வாடகை பாக்கி வைக்காத இடமும் அதுதான். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு ஒரு பொட்டலம் சிற்றுண்டியும் கொடுத்தனுப்புவார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் என் குறையைச் சொல்ல வேண்டும்.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஐப்பசி மாதம் என்று நினைவு. அந்த வார விருந்தினர் ஒரு மருத்துவர். தர்மபுரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஃபுளோரைடு என்ற சொல் புதிதன்று. ஆனால் அன்றுவரை அதை அவ்வளவு தெளிவாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பாறைகளிலுள்ள தாதுக்களிலிருந்து அது ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், அதிகமாக உட்கொண்டால் பற்களில் கறை விழும், பிறகு அது போகாது. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடும். படங்களைத் திரையில் காட்டிப் பேசினார். பழுப்புக் கறை படிந்த பற்கள் திரையில் பெரிதாகத் தெரிந்தன. “பாவம்” என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். பென்னாகரம் பக்கத்துக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த என் தந்தை சுவரோரத்தில் வாயை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். அவர் பற்களும் அப்படித்தான்.

பேச்சு முடிந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். கேள்வி நேரம் என்ற ஒன்று நிகழ்ச்சி நிரலில் இல்லை. என் தந்தை எழுந்து மருத்துவரின் அருகே இரண்டடி நடந்தார். அதற்குள் “ஏம்ப்பா மைக்கு, நாட்டுப்பண் போடுப்பா” என்று குரல் வந்தது. திரும்பிவிட்டார்.

அவர் கேட்க நினைத்ததை வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் கேட்டார். “தண்ணியக் கொதிக்க வெச்சா அது போயிடுமாப்பா?”

எங்கள் தெருவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது. 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டம் முக்கியமாக இந்த ஃபுளோரைடு தொல்லைக்காகவே காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டு வந்தது. ஆனால் குழாயில் நாள்தோறும் வராது. பிடித்து வைத்தது தீர்ந்தால் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் சோற்றுக்கும் குடிப்பதற்கும். என் தங்கை அப்போது இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. அவளுக்காகத்தான் அந்தக் கேள்வி.

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் எனக்கு முன் எவரும் இல்லை. என் தந்தை எட்டாம் வகுப்போடு நின்றவர், தாய்க்குக் கையெழுத்து மட்டும் தெரியும். ஆகவே வீட்டில் நான் சொல்வதே முடிவு. ‘தற்காலிகக் கடினத்தன்மை உள்ள நீரைக் கொதிக்க வைத்தால் அது நீங்கும்’ என்று பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். தயங்காமல் சொன்னேன்: “போயிடும்ப்பா.”

மறுநாள் முதல் என் தாய் விறகடுப்பில் ஒரு தவலைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஓராண்டு அப்படியே நடந்தது. கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆய்வகத்தில் நீரின் கடினத்தன்மையைக் கண்டறியும் செய்முறை வந்தது. அன்று எங்கள் பேராசிரியரிடம் இதைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் கையிலிருந்த பியூரெட்டைத் தாங்கியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஃபுளோரைடு ஆவியாகிப் போவதில்லை, தண்ணீர்தான் ஆவியாகிறது. எனவே மிஞ்சுவதில் ஃபுளோரைடின் செறிவு கூடும், குறையாது என்றார். பால் சுண்டுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையையும் அவர்தான் விளக்கினார். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறை அது. ஆனால் உங்கள் வீட்டில் அளவு தெரியாமல் செய்யாதே, குழாய் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்கி வை, மற்றதற்குக் கிணற்று நீரை வைத்துக்கொள் என்றார். இந்த விடைக்கு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடம் ஓராண்டுக்கு முன்னால் அந்த மன்றத்தில் கிடைத்திருக்க வேண்டும்.

தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொன்னவன் நான். ஆனால் விடை தெரிந்தவர் பத்தடி தூரத்தில் நிற்கும்போது, கேட்க வேண்டியவர் ஏன் பதினேழு வயதுப் பையனிடம் வந்து கேட்க நேர்ந்தது?

அந்தச் சங்கத்துக்கு நம் கல்லூரியில் ஓர் இளைஞர் கிளை உண்டு. முதலாண்டிலேயே அதில் சேர்ந்தேன். வாரச் செய்தி மடலைத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. முன்பு நான்கு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள், இப்போது செல்பேசியில் அனுப்புகிறார்கள். ஆவல் தாளாமல் பழைய கோப்பைப் புரட்டி அந்த மருத்துவர் வந்த வாரத்தின் மடலைத் தேடி எடுத்தேன். மணியடித்தவர், வரவேற்றவர், அறிமுகம் செய்தவர், பொன்னாடை போர்த்தியவர், நினைவுப் பரிசு வழங்கியவர், சிற்றுண்டிச் செலவை ஏற்றவர் என்று பதினொரு பெயர்கள் இருந்தன. பேச்சைப் பற்றி ஒரு வரி: ‘பற்களின் பராமரிப்புக் குறித்து மிகச் சிறப்பாக உரையாற்றினார்.’ தண்ணீர் என்ற சொல்லே இல்லை. எழுதியவர் பாதியில் சிற்றுண்டி ஏற்பாட்டைக் கவனிக்கப் போயிருக்கலாம், குற்றமில்லை. ஆனால் அன்று வராத உறுப்பினர் அந்த மடலிலிருந்து என்ன தெரிந்துகொண்டிருப்பார்?

இது எங்கள் ஊர்ச் சங்கத்தின் நோய் மட்டுமன்று. நம் கல்லூரியின் துறை மன்றத் தொடக்க விழாக்களை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே. விருந்தினரின் பட்டங்களை வாசிக்கவே கால்மணி நேரம். பேச்சு முடிந்ததும் கைதட்டல். யாராவது எழுந்து ஐயம் கேட்டால் பக்கத்திலிருப்பவன் சட்டையைப் பிடித்து இழுப்பான்: “உக்காருடா, பஸ்ஸுக்கு நேரமாகுது.” இந்த ஆண்டு மலரின் பின்பக்கங்களில் வரும் மன்ற அறிக்கைகளையும் படித்துப் பாருங்கள். யார் வந்தார் என்று இருக்கும். என்ன சொன்னார் என்று தேட வேண்டியிருக்கும்.

விருந்தினரை மதிப்பது என்றால் என்ன? அவர் அரை நாள் செலவழித்துக் கொண்டுவந்த சரக்கை வாங்கிக்கொள்வதுதான் மதிப்பு என்பது என் எண்ணம். இருபது நிமிடம் அவர் பேசட்டும், பத்து நிமிடம் நாம் கேட்போம். கேட்டவர் பெயர் வேண்டாம். கேள்வியும் விடையும் மடலில் வரட்டும். ஒரு பொன்னாடை குறைந்தால் கொட்டை எழுத்தில் ஒரு பக்கம் அச்சடித்து ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டலாம். வாரந்தோறும் கூட வேண்டும் என்ற கட்டாயத்தையே ரோட்டரி 2016-இல் தளர்த்தி, மாதம் இரு முறை போதும் என்று ஆக்கிவிட்டது. விருந்தினர் கிடைக்கவில்லை என்பதற்காக யாரையோ பிடித்து வந்து நிரப்ப வேண்டியதில்லை.

கிடைக்கவில்லை என்பதும் உண்மையன்று. எங்கள் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி திறந்து விடுபவர் இருக்கிறார். எந்தத் தெருக் குழாயில் காவிரி நீர், எதில் கிணற்று நீர், எந்த நாளில் இரண்டும் கலக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவரை ஒரு வாரம் மேடையில் உட்கார வைத்து மேற்படி மருத்துவரையும் அருகில் அமர்த்தினால், அதைவிட நல்ல கூட்டம் இந்த மாவட்டத்தில் நடக்காது. தையற்காரரும் வழக்கறிஞரும் ஒன்றாக அமர்ந்து தொடங்கிய வழக்கம்தானே இது!

இதையெல்லாம் சங்கத்தின் புதிய செயலரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். கேள்வி நேரம் வைக்கலாம், ஆனால் மேடை மைக்கை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஓடுவது தொல்லை, இன்னொரு மைக்குக்கு வாடகை யார் தருவது என்றார். வீட்டுக்கு வந்து தந்தையிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பரண்மேல் ஏறினார். பழைய மைக் ஒன்றை இறக்கித் துடைத்து, முனையைப் பற்றவைத்து, கடைசி வரிசைவரை எட்டுகிற நீளத்துக்கு ஒயர் இணைத்து வைத்திருக்கிறார். வாடகை வேண்டாமாம்.