‘பேமஸ்’ என்றால் என்ன, மிஸ்?



சென்ற மாதம் ஆலங்குடாவில் நடந்த எங்கள் மாலை நேர ஆங்கில வகுப்பில் முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவர் அழுதார். இரண்டுக்கும் காரணம் சொற்கள்தான்.

சிரிப்பை முதலில் சொல்கிறேன். கருவாடு போட்டு விற்கும் ஒரு தாய்க்கு, கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டவர்கள் வாசிக்கக் கூடியதாக ஒரு பலகை தேவைப்பட்டது. ஓ.எல். படிக்கும் மகள் அகராதியைப் பார்த்து எழுதிக் கொண்டு வந்தாள். ‘பேர்போன கருவாடு’ என்பதற்கு அவள் எழுதியிருந்த சொல் ‘நொட்டோரியஸ்’.

பிள்ளையில் பிழையில்லை. தமிழில் பேர்போன கருவாடு என்றும் சொல்வோம், பேர்போன கள்ளன் என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். பெரும்பாலும் நல்லதற்குப் பேர் எடுத்தால் பேமஸ். கெட்டதற்குப் பேர் எடுத்தால் நொட்டோரியஸ். பலருக்கும் பிடித்துப் போனால் பொப்புலர். ‘இன்பேமஸ்’ என்ற சொல்லைப் பார்த்தால் பேமஸ் இல்லாதவர் என்று நினைப்போம். அப்படியல்ல, கெட்ட பேர் எடுத்தவர் என்பதே அதன் பொருள்.

பேமஸ் என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே அதற்குப் பேச்சு, வதந்தி என்றெல்லாம் பொருள். ‘உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது’ என்று நம் மூத்தவர்கள் சொல்வது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. செலிபிரிட்டி என்ற சொல்லின் வேருக்குப் பொருள் கூட்டம்.

இன்னொரு சொல் லைம்லைட். லைம் என்றால் இங்கே தேசிக்காய் இல்லை, சுண்ணாம்பு. மின்சார விளக்கு வருவதற்கு முன்னர், சுண்ணாம்புத் துண்டைக் கடும் சுவாலையில் சூடாக்கி, அது தரும் வெள்ளை வெளிச்சத்தை நாடக மேடையில் நடிப்பவர் மீது பாய்ச்சினார்கள். லண்டனில் 1837ஆம் ஆண்டில் ஒரு நாடக அரங்கில் இதைப் பயன்படுத்தினார்கள். விளக்கு போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. இன்று எல்லோர் பார்வையும் ஒருவர் மீது விழுந்தால் அவர் லைம்லைட்டில் இருக்கிறார் என்கிறார்கள். அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லைத் தெரிந்த நமக்கு இந்தச் சொல் மறக்காது. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும் என்பதும் வெற்றிலை போடும் உம்மாமாருக்குத் தெரியும்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது, பின் வரிசையில் இருந்த ஒரு சகோதரி, “விக்டிம் என்றால் என்ன, மிஸ்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, மடித்து வைத்திருந்த ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். அதில் அவருடைய படம். குடத்தோடு கிணற்றடியில் நிற்கிறார். கீழே ஆங்கிலத்தில், ஆதரவற்ற விதவை, போரின் விக்டிம் என்று போட்டிருந்தது. பேர் இல்லை. அவருடைய மகன்தான் அதை வாசித்து, “உம்மா, நாங்கள் ஆதரவற்றவர்களா?” என்று கேட்டானாம்.

எனக்கு முகம் எரிந்தது. அந்தப் படம் எடுத்த நாளில் நானும் அங்கே இருந்தேன். வேலைக்கு வந்த முதல் வருடம். வந்த விருந்தினர்களுக்கு மொழிபெயர்த்தது நான்தான். “சும்மா ஒரு படம்தான், நில்லுங்கள்” என்று அவரிடம் சொன்னதும் நான்தான். எங்கே போடுவார்கள், என்ன எழுதுவார்கள் என்று நான் கேட்கவில்லை. சமூகவியல் படித்துப் பட்டம் வாங்கிய எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். படம் போட்டவர்களுக்கும் எழுதினேன். இனிமேல் அச்சிட மாட்டோம் என்றார்கள். ஆனால், ஏற்கெனவே போன பிரதிகளை யார் திருப்பி எடுப்பது?

1984ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் ஓர் அகதி முகாமில், ஷர்பத் குலா என்ற ஆப்கான் சிறுமியை ஒரு புகைப்படக்காரர் படம் எடுத்தார். அடுத்த வருடம் அது நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையில் வந்தது. அந்தப் பச்சைக் கண்களை உலகமே தெரிந்து கொண்டது. அவருடைய பேர் மட்டும் 2002ஆம் ஆண்டு வரை உலகத்துக்குத் தெரியாது. அதுவரை அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. 2016இல் பொய் அடையாள அட்டை வைத்திருந்ததாக அவரைப் பாகிஸ்தானில் கைது செய்து, ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பினார்கள். முகம் அவ்வளவு பேமஸ், ஆனால் அன்று இருக்க இடமில்லாமல் போனது.

நமக்கும் இது புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒரு சில நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அந்தச் செய்தியை உலகம் அதிகம் கவனிக்கவில்லை. ஓலைக் கொட்டிலின் முன்னால் நின்ற பெண்களின் படங்கள்தான் அறிக்கைகளில் வந்தன. காணி என்ன ஆனது, வாக்கு எங்கே பதிவு, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்விகள் படத்தின் ஓரத்தில் கூட இல்லை.

கவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காணாமல் போனவர்களின் தாய்மார் பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி வீதியில் நிற்கிறார்கள். அது அவர்களே தெரிந்து எடுத்த வெளிச்சம். நம்மைக் கேட்காமல் நம் மீது அடிக்கும் வெளிச்சம் வேறு.

ஆகவே சகோதரிகளே, யாராவது கமராவைத் தூக்கினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படம் எங்கே வரும்? கீழே என்ன எழுதுவீர்கள்? நான் வேண்டாம் என்றால் எனக்குக் கிடைக்க வேண்டிய உதவி நின்றுவிடுமா? மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் வர வேண்டும். இப்போது தொலைபேசியில் எடுத்த படம் ஒரு நொடியில் ஊர் தாண்டிப் போய்விடுவதால், எடுப்பதற்கு முன்னரே கேளுங்கள். ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு வசனங்கள் போதும். “நோ போட்டோ, ப்ளீஸ்.” “ஆஸ்க் மீ பர்ஸ்ட்.” வகுப்பில் எல்லோரும் சத்தமாகச் சொல்லிப் பழகினோம். அந்தச் சகோதரியின் சத்தம்தான் கூடவாக இருந்தது.

கருவாட்டுப் பலகையைத் திருத்தியாகிவிட்டது. இப்போது அதில் ‘பேமஸ்’ என்றிருக்கிறது. அந்தத் தாயின் பேரையும் பெரிதாக எழுதியிருக்கிறோம். எழுதச் சொன்னது அவர்தான்.

உங்களைப் பற்றி யாராவது எழுதிய ஆங்கிலச் சொல் ஏதும் விளங்காமல் இருந்தால், அதை அப்படியே பார்த்து எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் சேர்ந்து வாசிப்போம்.