சிறிய எண், பெரிய துவாரம்



2003 நோன்புப் பெருநாளன்று, மச்சானிடம் இரவல் வாங்கிய பிலிம் கமெராவால் நான் பிடித்த படமொன்று வீட்டில் இருக்கிறது. உம்மாவின் மடியில் ராத்தாவின் மகள். பிள்ளையின் இமைமயிர் கூடத் தெளிவு; ஒரு சாண் பின்னாலிருந்த உம்மாவின் முகமோ மூட்டமாய்க் கிடக்கிறது. அடுத்த பெருநாளுக்கு உம்மா இல்லை. கமெராவில் பிழையில்லை, வில்லையில் எழுதியிருந்த இரண்டு எண்களை நான் விளங்கிக்கொள்ளவில்லை.

ஒன்று குவியத் தூரம். அதில் 50 மில்லிமீற்றர். தொலைவிலிருந்து வரும் ஒளி வில்லைக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் ஒன்றுகூடும் என்பதே அது. 24 என்றால் அறை முழுவதும் படத்துக்குள் வரும். 100 என்றால் தூரத்து முகம் கிட்ட வரும். (24ஐ வைத்துக்கொண்டு முகத்தருகே போனால் மூக்குப் பெருத்துத் தெரியும். அது கிட்டப் போனதன் குற்றம், வில்லையினதல்ல.)

மற்றது துவாரத்தின் எண். இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எண் சிறிதானால் துவாரம் பெரிது! வட்டிலப்பத்தை 4 பங்காக வெட்டினால் துண்டு பெரிது, 8 ஆக வெட்டினால் சிறிது அல்லவா? குவியத் தூரத்தை இந்த எண்ணால் பிரித்தால் துவாரத்தின் விட்டம் வரும். 50ஐ 1.8ஆல் பிரித்தால் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர்; 8ஆல் பிரித்தால் 6 சொச்சம்.

துவாரம் சிறுத்தால் தெளிவு ஏன் கூடுகிறது? 'கிதாபுல் மனாழிர்' எழுதிய இப்னுல் ஹைதம், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரகணத்தின் வடிவம் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். கிரகண வேளையில் சிறு துவாரத்தினூடாக விழும் சூரிய ஒளி பிறையாகவே விழும். துவாரத்தைப் பெருப்பித்தால் வட்டமாகிவிடும். துவாரத்தின் ஒவ்வோரிடமும் ஒவ்வொரு பிறையை வீச, அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலந்துவிடுகின்றன. குவியத்துக்கு வெளியே இருந்த உம்மாவின் முகத்துக்கும் நடந்தது ஏறக்குறைய இதுதான். ஒன்றரை மீற்றர் தூரத்தில் 1.8 வைத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 சென்ரிமீற்றர் மட்டுமே. 8 வைத்தால் 40க்கு மேல்.

ஆனால் 4இலிருந்து 8க்குப் போனால் ஒளி கால்வாசியாகிவிடும். பொழுதுபட்ட விறாந்தை என்பதால்தான் அன்று 1.8க்குத் திறந்தேன். ஒரு மணித்தியாலம் முந்தி, உம்மாவை முற்றத்து வெளிச்சத்தில் உட்கார வைத்திருக்கலாம்.